புது ரேடார், பழைய இறக்கை

வணக்கம் நேயர்களே.

வயதான தாக்குதல் விமானத்தைப் புதுப்பித்துப் பறக்கவிடுவதா, புதுப் போர் விமானம் வாங்குவதா? இந்தப் பேச்சு வந்தாலே ரேடார், ஏவுகணை என்றுதான் தொடங்குகிறோம். நான் இறக்கையிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய விமானத்தில் விரிசல் தேடும்போது, இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தைச் சுத்தம் செய்து, ஒளிரும் சாயத்தைப் பூசி ஊறவிடுவார்கள். பிறகு அதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தூவி, அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். விரிசல் இருந்தால் மயிரிழை போல ஒரு மஞ்சள்பச்சைக் கோடு மினுங்கும். வெறும் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. தாக்குதல் விமானம் குண்டுகளைச் சுமந்து தாழப் பறக்கிறது. அடர்ந்த காற்று அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கை வளைந்து நிமிர்கிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

காக்பிட்டில் புதுத் திரைகளை வைத்துவிட்டால் இந்தக் கோடு மறையாது. அதனால்தான் அமெரிக்கா தன் ஏ-10 தாக்குதல் விமானங்களுக்கு மின்னணுக் கருவிகளோடு நிறுத்தாமல் இறக்கைகளையே மாற்றியது. 2007-இல் ஒப்பந்தம் போட்டு, 2019-இல் முடித்தபோது 173 விமானங்கள் புது இறக்கை பெற்றிருந்தன. மேம்பாடு என்றால் இதைத்தான் சொல்வேன். இந்தியாவின் ஜாகுவார் தாக்குதல் விமானத்துக்குப் புது மின்னணுக் கருவிகள் வந்தன. ஆனால் கூடுதல் சக்தியுள்ள என்ஜின் பொருத்தும் திட்டம், செலவு கட்டுப்படியாகாமல் 2019-இல் கைவிடப்பட்டது. கண்ணும் காதும் கூர்மையாயின, கால்களுக்குப் புது வலு வரவில்லை.

எத்தனை இறக்கை மாற்றினாலும் முடியாத காரியம் ஒன்று உண்டு. எதிரி ரேடாருக்கு எளிதில் அகப்படாத உருவம், வரைபடத்திலேயே தொடங்க வேண்டியது. பிறகு ஒட்டவைக்க முடியாது. நவீன ஏவுகணைகள் காவல் காக்கும் வானத்துக்குள், கையில் பழைய விமானம் இருக்கிறது என்பதற்காகவே அதில் ஒரு பைலட்டை அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே புது விமானம்தான் வேண்டும். எதிரியின் வான்பாதுகாப்பு பலவீனமாக உள்ள இடத்தில், இறக்கை திடமாக இருக்கும்வரை பழையது தாராளமாகப் பறக்கலாம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் அவசரம் கூடாது. வளைகுடாப் போரில் 1991-இல் தாழப் பறந்து தாக்கிய டொர்னாடோ போர் விமானத்துக்கு பிரிட்டன் 2019-இல்தான் விடைகொடுத்தது. அதற்கு முன்பே, டொர்னாடோ சுமந்த ஸ்டார்ம் ஷேடோ, பிரிம்ஸ்டோன் ஏவுகணைகளை அதன் இடத்துக்கு வரவிருந்த டைபூன் போர் விமானத்தில் பொருத்தி, சோதித்து, பைலட்டுகளையும் தரைக் குழுவினரையும் பழக்கிவிட்டார்கள். கடைசி டொர்னாடோக்கள் போர்க்களத்திலிருந்து திரும்பியபோது, அந்த வேலையைச் செய்ய டைபூன் தயாராக இருந்தது.