குமரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் மக்கள் தொகையும் பஸ் வசதியும்: எண்களை எப்படிப் படிப்பது?

வணக்கம். இணையத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். மக்கள் தொகை இவ்வளவு, ஆண் பெண் இவ்வளவு, பக்கத்து ரயில் நிலையம் இது, பேருந்து வசதி உண்டு என்று எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் ஒரு பக்கம் வரும். மற்ற மாவட்டங்களில் இதை வைத்து ஓரளவு ஒப்பேற்றிவிடலாம், கன்னியாகுமரியில் அது நடக்காது.

முதலில் தலைக்கணக்கு. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 18,70,374. அதில் சுமார் 82 சதவீதம் பேர் நகரத்தில் வசிக்கிறார்களாம்! குலசேகரம் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள், ரப்பர் மரம், தென்னை, வாழை, நடுவில் ஒரு வீடு, மறுபடியும் ரப்பர் மரம். ஆனாலும் தாளில் அது நகரம்தான், ஏனென்றால் குலசேகரம் ஒரு பேரூராட்சி. பேரூராட்சி எதுவானாலும் கணக்கெடுப்பில் நகரம் என்றே எழுதிக்கொள்வார்கள், உள்ளே வயலே இருந்தாலும் சரி. இந்தச் சின்ன மாவட்டத்தில் அப்படிப்பட்ட பேரூராட்சிகள் ஐம்பதுக்கும் மேல் இருந்தன.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. 100 நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்குத்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூலி வேலை செய்யும் ஆட்கள்தான் இருப்பார்கள், ஊராட்சிப் பக்கத்துக்கு மட்டும் அந்த வேலைக்கான அட்டை கிடைக்கும்.

அப்புறம் ஊரின் எல்லை. மதுரைப் பக்கம் வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி இருக்கும், சுற்றிலும் வயல், ஊர் எங்கே முடிகிறது என்று பஸ்ஸில் இருந்தே தெரியும். இங்கே அவரவர் விளையில், அதாவது தோட்ட நிலத்தில், அவரவர் வீடு. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரரைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். கணக்கெடுப்பில் வரும் கிராமம் என்பது வருவாய்க் கிராமம், அதற்குள் பல விளைகளும் குடியிருப்புகளும் அடங்கிவிடும். நீங்கள் தேடும் விளைக்குத் தனிக் கணக்கு பெரும்பாலும் கிடைக்காது. போதாததற்கு வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் கணக்கெடுப்பு நேரத்தில் ஊரில் இல்லாவிட்டால் அந்த எண்ணில் வரமாட்டார்கள். அந்த எண்ணும் 2011-இல் எடுத்ததுதான், 2021 கணக்கெடுப்பு தள்ளிப் போய்விட்டது.

சரி, போக்குவரத்துக்கு வருவோம். பெரிய சாலைக்குக் குறைவே இல்லை. ஸ்ரீநகரில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த மாவட்டத்தில்தான் முடிகிறது, பன்வேலில் இருந்து கடலோரமாக வரும் 66-உம் இங்கேதான் முடிகிறது. ரயில் 1979-இல் திருவனந்தபுரம் பக்கமிருந்து வந்தது, திருநெல்வேலியோடு 1981-இல் இணைந்தது. இதெல்லாம் மாவட்டத்தைக் கடந்து போகிறவர்களுக்கு நல்ல வசதி. விளையில் இருப்பவருக்கு வேண்டியது ஜங்ஷன் வரைக்கும் ஒரு வண்டி.

இங்கேதான் அந்த 'பேருந்து வசதி உண்டு' என்ற வரியைச் சந்தேகப்பட வேண்டும். கணக்கெடுப்பின் கிராம வசதிப் பட்டியலில் பஸ் வருகிறதா, வராவிட்டால் எத்தனை கிலோமீட்டருக்குள் கிடைக்கும் என்று மட்டும்தான் குறிப்பார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வந்தாலும் 'உண்டு', பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தாலும் 'உண்டு'. கண்டக்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு டிரிப் கட் ஆனால் அன்றைக்குப் பாதி வசதி போச்சு.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது, பெரிய உதவிதான். ஆனால் அது அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில். குறுகின ரோட்டில் உள்ளே வரைக்கும் வருவது பல இடங்களில் தனியார் மினிபஸ், அதில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் ஆட்டோ, அதிலும் ராத்திரி என்றால் அவர் சொல்வதுதான் ரேட்டு. பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணி பழங்குடி மக்களில் சிலர் படகு ஏறித்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஆக, இங்கே இடம் வாங்கவோ வாடகைக்கு வரவோ நினைத்தால், ரயில் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷனில் டீக்கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை வருமா?