ஐம்பத்திரண்டாம் தெருவின் கள்ளக் கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. காய்ச்சினால் குற்றம், விற்றால் குற்றம், வண்டியில் ஏற்றிப் போனாலும் குற்றம். குடிப்பது மட்டும் குற்றமில்லை! நியூயார்க்காரர்களுக்கு இது போதாதா? ஸ்பீக்ஈஸி என்ற திருட்டு மதுக்கூடங்கள் தெருத்தெருவாக முளைத்துவிட்டன. மாநில அரசே 1923-இல் தன் அமலாக்கச் சட்டத்தை ரத்து செய்ததால், உள்ளூர்ப் போலீசும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மத்திய அரசின் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள்.

அவர்களை ஏமாற்றக் கட்டியதுதான் நான் சொல்ல வந்த கதவு. இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. மேற்கு 52-ஆம் தெரு, 21-ஆம் எண் வீட்டில் ஒரு ஸ்பீக்ஈஸி. நடத்தியவர்கள் ஜாக் கிரைண்ட்லர், சார்லி பெர்ன்ஸ். நிலவறைக்குள் இறங்கினால் புகைபோட்ட பன்றித்தொடைகள் தொங்கும், டின்கள் அடுக்கியிருக்கும், பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவரில் எத்தனையோ விரிசல்கள். சரியான விரிசலில், இறைச்சி கோக்கும் நீளமான கம்பியை நுழைத்தால் உள்ளே தாழ் விலகும். இரண்டரை டன் சுவர் அப்படியே கதவாகத் திறக்கும்!

இன்னொரு குசும்பு கேளுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம், சரக்கைப் பதுக்கிய இடம், பக்கத்து 19-ஆம் எண் வீட்டின் நிலவறை. சோதனைக்கு வந்தவர்களிடம் "இந்தக் கட்டடத்தில் சரக்கு இல்லை" என்று கையடித்துச் சத்தியம் செய்யலாம், பொய்யே கிடையாது. மேலே பாரில் இருக்கும் பாட்டில்கள்? அதற்கும் ஏற்பாடு உண்டு. அலமாரி அப்படியே கவிழும், பாட்டில்கள் குழாய்வழியே கீழே போய் நொறுங்கும். நியூயார்க் மேயர் ஜிம்மி வாக்கருக்கே அந்த நிலவறையில் தனி இருக்கை இருந்ததாம். அப்புறம் யாரிடம் புகார் கொடுப்பது?

மதுவிலக்குக்கு முந்தைய சலூன் என்ற மதுக்கடைகள் ஆண்களின் கோட்டை. திருட்டுக் கூடங்களில்தான் பெண்களும் சரிசமமாக உட்கார்ந்து குடித்தார்கள். மட்டமான ஜின்னின் வாடையை மறைக்கப் பழச்சாறு, தேன் என்று எதையாவது கலந்தார்கள். அந்தக் கலவைகள் சில இன்றும் பார்களில் ஓடுகின்றன.

சரி, கதவிலேயே நேரம் போய்விட்டது, நிலையத்தார் கை காட்டுகிறார்கள். நியூயார்க்கில் கறுப்பினத்தவரின் பேட்டையான ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியை இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். முதலாளி ஓனி மேடன் என்ற தாதா. 1927 முதல் மேடையில் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழு. வாசித்தவர்கள், ஆடியவர்கள் எல்லாம் கறுப்பினத்தவர். மேஜைகள் மட்டும் வெள்ளையர்களுக்கு. கறுப்பினத்தவருக்குத் தங்கள் பேட்டையிலேயே இடமில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.