ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

[காட்சி: கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சை நிற ட்ரங்குப் பெட்டி இழுக்கப்படுகிறது. மூடி திறக்கிறது. உள்ளே மதர்போர்டின் சிறு விளக்கு எரிகிறது.]

வணக்கம். இது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பல வருடம் கிடந்த பெட்டி. அம்மா இதில் பட்டுப்புடவைகளை வைத்திருந்தார். புடவைகள் பீரோவுக்குப் போன பிறகு பெட்டி காலியாகவே இருந்தது. இப்போது இதற்குள் ஒரு முழு கம்ப்யூட்டர் ஓடுகிறது. இந்த வீடியோவை எடிட் செய்ததும் இதில்தான்.

வீட்டில் இருக்கிற பொருள்களை வைத்தே, கம்ப்யூட்டர் பாகங்களை வைக்கும் பெட்டியான கேபினெட்டைச் செய்வது எப்படி என்று இன்று பார்க்கப் போகிறோம். ஆனால் கத்தரியையும் டிரில்லையும் எடுப்பதற்கு முன்னால், கேபினெட் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாமல் நான் செய்த முதல் பெட்டி வீணாய்ப் போனது.

[காட்சி: மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி. பக்கத்தில் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.]

அது ஒரு அட்டைப்பெட்டி. கத்தியால் ஓட்டை போட்டு, கம்ப்யூட்டரின் முக்கிய சர்க்யூட் போர்டான மதர்போர்டை உள்ளே வைத்து, வயர்களை வெளியே இழுத்துவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் ராத்திரி பட்டென்று சத்தம் வந்து அணைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்-க்குள் ஒரு பல்லி போயிருந்தது. அந்த இளஞ்சூடு அதற்குப் பிடித்திருக்க வேண்டும். பாவம், பல்லியும் போனது, எஸ்.எம்.பி.எஸ்-ஸும் போனது. நம் ஊர் வீடுகளில் பல்லியும் கரப்பானும் கட்டாயம் கணக்கில் வரவேண்டியவை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, கேபினெட்டின் வேலைகள் என்ன? பாகங்களைத் தாங்க வேண்டும். பூச்சியும் கைவிரலும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். கசிகிற மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று ஒரு பக்கம் நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் வெளியேற வழி கொடுக்க வேண்டும். முதல் மூன்றையும் எந்த உலோகப் பெட்டியிலும் செய்துவிடலாம். காற்றின் வழியைத்தான் நாம் யோசித்து அமைக்க வேண்டும். அதனால் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, “காற்று எங்கே நுழையும், எங்கே போகும்?” என்பதைத்தான்.

[காட்சி: மரப்பெட்டிக்குள் இருக்கும் ஆப்பிள் 1 கம்ப்யூட்டரின் கோட்டுப் படம். அடுத்து, வண்ண லெகோ கட்டைகள்.]

கைக்குக் கிடைத்ததை வைத்துக் கேபினெட் செய்வது புதிய யோசனையும் இல்லை. 1976-ல் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள் 1 விற்பனைக்கு வந்தபோது, 666 டாலர் 66 சென்ட் கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வெறும் போர்டு மட்டும்தான். பெட்டி, கீபோர்டு, டிஸ்பிளே எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. அதனால் சிலர் மரப்பெட்டி செய்துகொண்டார்கள். அப்படி ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்குவதற்கு முந்தைய தங்கள் ஆராய்ச்சிக்காக 1996 வாக்கில், 4 ஜிபி ஹார்டு டிஸ்க்குகள் பத்தை லெகோ என்ற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் கட்டிய பெட்டியில் அடுக்கினார்கள். 1999-ல் கூகுள் தன் சர்வர்களைச் செய்தபோது, ஒரே தட்டில் பல மதர்போர்டுகளைப் பரப்பி, அவை தட்டின் உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க அடியில் கார்க் விரிப்பு போட்டார்கள். பாட்டில் மூடியில் இருக்குமே, அதே கார்க்.

மேற்கு ஆப்பிரிக்காவில், டோகோ நாட்டின் லோமே நகரில், 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை வெட்டி அதற்குள் பழைய கம்ப்யூட்டர் பாகங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். ஜெர்ரி என்று அதற்குப் பெயர். கேன் எங்கேயும் கிடைக்கும், கைப்பிடி இருக்கிறது, எளிதில் வெட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த கேபினெட் அதுதான்.

[காட்சி: இன்ச் டேப்பால் பெட்டி அளக்கப்படுகிறது.]

இனி நம் பெட்டி. 18 இன்ச் நீளம், 12 இன்ச் அகலம், 8 இன்ச் உயரம். என் மதர்போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் வகை, அதாவது 244-க்கு 244 மில்லிமீட்டர். எஸ்.எம்.பி.எஸ் 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், ஏறக்குறைய 140 ஆழம். இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீளத்தில் இடம் சரியாக இருக்கிறது, முன்பக்கம் ஃபேனுக்கும் இடம் மிஞ்சுகிறது. உங்கள் போர்டு பெரிய ஏடிஎக்ஸ் என்றால் 305-க்கு 244. மினி ஐடிஎக்ஸ் என்றால் 170-க்கு 170 போதும், பெரிய பிஸ்கட் டின்னே தாங்கும். முதலில் பழைய காலண்டர் அட்டையில் இந்த அளவுகளை வெட்டி, பெட்டிக்குள் வைத்து நகர்த்திப் பாருங்கள். இந்த அரைமணி நேர வேலை ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

போர்டை நேரடியாகத் தகரத்தின் மேல் வைக்கக் கூடாது. அதன் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஈயப் பற்றுகள் நீட்டிக்கொண்டிருக்கும், தகரத்தில் பட்டால் ஷார்ட். பழைய அலமாரித் தட்டின் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்டி அடியில் திருகினேன். அதற்கு மேல் போர்டைத் தூக்கிப் பிடிக்க, தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்களின் உடலை 7 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஸ்க்ரூ விட்டேன். கடையில் வாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப் செய்கிற அதே வேலைதான். போர்டில் துளை இருக்கிற இடத்தில் மட்டும் வையுங்கள். துளை எங்கே என்று அறிய, போர்டை ஒரு தாள் மேல் வைத்துப் பென்சிலால் துளை வழியே குறித்தால் போதும். தெர்மோகோல் மேல் மட்டும் போர்டை வைக்காதீர்கள். உரசும்போது அதில் சேருகிற ஸ்டேட்டிக் மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும்.

[காட்சி: பெட்டி முற்றிலும் காலி. தகடு வெட்டும் கத்தரி, அரம், டிரில்.]

வெட்டும்போது உள்ளே எந்தப் பாகமும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு இரும்புத் துகள் போர்டில் விழுந்தாலும் போதும், ஷார்ட்தான். பின்பக்கம், யூஎஸ்பி மாதிரி வயர்களைச் செருகும் போர்ட்டுகளுக்கான செவ்வகம் 159-க்கு 45 மில்லிமீட்டர். 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு ஸ்க்ரூ துளைகள் 105 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். வட்டம் வெட்ட, கோட்டை ஒட்டி உள்பக்கமாக வரிசையாகச் சிறு துளைகள் போட்டுக் கத்தரியால் இணைத்தேன். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அரத்தால் தேய்த்த பிறகு, பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து ஓரத்தில் மாட்டினேன். வயர் போகிற துளைகளுக்கும் அதே ரப்பர்தான். எல்லாம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு காந்தத்தையும் உள்ளே ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் எவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இப்போது காற்று. நான் முதலில் நுழைவழியையும் வெளிவழியையும் ஒரே பக்கத்தில் வெட்டினேன். வெளியே வந்த சூடான காற்றையே ஃபேன் மறுபடி உள்ளே இழுத்தது. மூடியைச் சாத்தியதும் சூடு ஏறிக்கொண்டே போனது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக இருக்க வேண்டும், நடுவில், கம்ப்யூட்டரின் முக்கிய சிப்பான பிராசஸர் வர வேண்டும். முன்பக்கம் கீழே உள்ளே இழுக்கும் ஃபேன், பின்பக்கம் மேலே வெளியே தள்ளும் ஃபேன். ஃபேனில் எந்தப் பக்கம் குறுக்குச் சட்டங்கள் மோட்டாரைப் பிடித்திருக்கிறதோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். எஸ்.எம்.பி.எஸ்-க்கும் தனியாகப் பின்பக்கத் திறப்பு வேண்டும், அது தன் சூட்டை அதன் வழியாகத்தான் வெளியேற்றும்.

[காட்சி: ஒரு பெண் கை சமையலறையிலிருந்து ரவை சல்லடையைக் கொண்டுவருகிறது.]

வலைக்குச் சல்லடைதான் பொருத்தம் என்று சொன்னது அம்மா. மைதா சலிக்கிற சல்லடை மிக நெருக்கம், காற்றை அடைத்துவிடும். ரவை சல்லடை சரியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் டேபிள் ஃபேன் முன்னால் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பாருங்கள். காற்று நன்றாகக் கையில் பட்டால் அதை எடுத்துக்கொள்ளலாம். பல்லியும் போகாது, பெரிய தூசியும் நின்றுவிடும். எல்லாத் திறப்புக்கும் வலை போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்-ஸின் வெளிவழியை மறந்துவிட வேண்டாம்.

பவர் பட்டனுக்குக் காலிங் பெல் சுவிட்ச். அழுத்தினால் இணைக்கும், விட்டால் பிரியும். மதர்போர்டு எதிர்பார்ப்பது சரியாக அதைத்தான். அதில் வருவது சில வோல்ட் மட்டுமே, பயமில்லை. சாதாரண லைட் சுவிட்ச் ஆகாது. அது இணைந்தபடியே நிற்கும், சில நொடி தொடர்ந்து அழுத்தியதாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

[காட்சி: மூன்று முள் பிளக். மல்டிமீட்டரின் ஒரு முனை நீளமான முள்ளில், மறுமுனை பெட்டி மூடியில்.]

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தகரப் பெட்டி மின்சாரத்தைக் கடத்தும். எஸ்.எம்.பி.எஸ்-ஸை எந்தக் காரணத்துக்கும் பிரிக்கக் கூடாது, பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உயிரை வாங்கும் மின்னேற்றம் இருக்கும். அதன் உலோகக் கூடு பெட்டியோடு நன்றாகத் தொட வேண்டும். ஆனால் பெட்டியில் இருப்பது எனாமல் பெயின்ட், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூ வருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு முறுக்குங்கள். மூடியின் கீலையும் நம்ப வேண்டாம், உடலிலிருந்து மூடிக்குத் தனியாக ஒரு வயர் விடுங்கள். பிளக்கை சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு, நீளமான எர்த் முள்ளுக்கும் மூடிக்கும் இடையே, மின் இணைப்பைச் சோதிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டர் ‘பீப்’ என்று சத்தம் போட வேண்டும். வீட்டு சாக்கெட்டிலும் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ்-ஸில் உள்ள ஃபில்டர் வழியாகச் சிறு மின்சாரம் கூட்டில் கசிந்து, தொட்டால் சுறுசுறுவென்று இருக்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருக்கவே கூடாது.

இன்னொன்று. இரும்புப் பெட்டிக்குள் வைஃபை சிக்னல் சரியாக நுழையாது. ஆன்டெனாவை வெளியே கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஹவாய் செருப்பு. தேய்ந்த ஜோடியை நான்கு துண்டாக வெட்டிப் பெட்டிக்குக் கால்களாக ஒட்டினேன். ஃபேன் அதிர்வில் தகரம் ‘கும்’ என்று பாடுவது அதோடு நின்றது.

[காட்சி: திரையில் வெப்பநிலை எண்கள். மூடி மெதுவாகச் சாத்தப்படுகிறது.]

கடைசியில் சோதனை. மூடியைத் திறந்து வைத்து, அரைமணி நேரம் கனமான வேலை கொடுத்து, பிராசஸரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைச் சாத்தி அதே சோதனை. நாலைந்து டிகிரி கூடினால் நல்லது. பதினைந்து கூடினால் காற்றின் வழி அடைபட்டிருக்கிறது, வயர்களை ஒதுக்குங்கள், திறப்பைப் பெரிதாக்குங்கள். கத்தரி வெயிலில் அறையே 40 டிகிரி இருக்கும்போது எந்த ஃபேனாலும் பிராசஸரை அதற்குக் கீழே குளிர வைக்க முடியாது. அதனால் இந்தச் சோதனையை மார்கழியில் செய்திருந்தால் சித்திரையில் இன்னொரு முறை செய்யுங்கள்.

மாதம் ஒரு முறை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, சல்லடையைக் கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

[காட்சி: வெயிலில் கொடிக்குக் கீழே காயும் சல்லடை.]