தேயிலையைக் கடலில் கொட்டியவர்களும் குன்னூர் துரைமாரும்

[காட்சி: குன்னூர். பனி விலகும் தேயிலைச் சரிவு. பச்சை இலை மூட்டை ஏற்றிய லாரி ஃபாக்டரி வாசலில் நிற்கிறது.]

தேயிலை விலை குறைந்துவிட்டது என்று யாராவது கலகம் செய்வார்களா? கொழுந்து பறித்து விற்கிற இந்த மலையில் செய்யலாம். வாங்கிக் குடிக்கிற ஊரில்? 1773 டிசம்பர் 16 இரவு அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் நடந்தது அதுதான். மூன்று கப்பல், 342 பெட்டி, 40 டன்னுக்கு மேல் தூள், எல்லாம் கடலில். பத்தே வருஷத்தில், 1783ல், பாஸ்டனையும் சேர்த்து அமெரிக்காவில் இருந்த 13 காலனிகள் தனி நாடு என்று பிரிட்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

அதே பிரிட்டிஷ் கொடியின் கீழ் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறினார்கள். காப்பி, தேயிலை, கொய்னா மருந்து தரும் சின்கோனா எல்லாம் போட்டார்கள். தொழிலாளர்கள் வாயில் அவர்கள் 'துரை'. அரசாங்கத்தின் மேல் அவர்களுக்கும் குறை உண்டு, சங்கம் வைத்து மனு எழுதியதும் உண்டு. ஆனால் ஒரு பெட்டித் தூளும் பைகாரா ஆற்றில் விழவில்லை. அங்கே பொங்கியது இங்கே ஏன் பொங்கவில்லை?

முதலில் ஒரு சொல். காலனி என்றால் நமக்கு வீட்டுமனைக் குடியிருப்பு. அந்தச் சொல்லின் ஆதி அர்த்தமும் அதற்கு அருகில்தான்: போய்க் குடியேறிய இடம். ஆகவே ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர்களில் இரண்டு வகை. மண் பறிபோனவர்கள் ஒன்று, அந்த மண்ணில் வந்து உட்கார்ந்த குடியேறிகள் இன்னொன்று. இந்த வீடியோ பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றி.

[காட்சி: வட அமெரிக்காவின் கிழக்குக் கரை வரைபடம். 13 காலனிகள் ஒவ்வொன்றாக நிறம் பெறுகின்றன.]

பள்ளிக்கூடத்தில் படித்த பதில் 'வரி'. அது பாதிதான் சரி. இங்கிலாந்தில் இருந்தவர்கள் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் அமெரிக்கக் குடியேறிகள் கட்டியது மிகக் குறைவு. அவர்களை உசுப்பியது தொகை அல்ல, அந்தப் பணத்தை யார் கேட்கிறார், யாருக்குப் போகிறது என்பது.

அந்த 13ல் ஒன்றான வர்ஜீனியாவின் சட்டமன்றம் முதலில் கூடியது 1619ல். அதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டு, குடியேறிகள் தங்கள் வரியைத் தாங்களே போட்டுப் பழகிவிட்டார்கள். பல காலனிகளில் கவர்னர் சம்பளமே உள்ளூர் மன்றம் ஒதுக்கினால்தான் வரும். கவர்னர் லண்டன் ஆள், ஆனால் அவர் பணப்பையின் சுருக்குக்கயிறு உள்ளூர்க்காரர்கள் கையில்.

1763ல் பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரிட்டனின் தேசியக் கடன் சுமார் 13 கோடி பவுண்டு ஆகியிருந்தது. அந்தக் கயிற்றின் மேல் லண்டனின் கண் விழுந்தது அப்போதுதான். 1765ல் முத்திரைச் சட்டம்: பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் முத்திரைத் தாள். எதிர்ப்பில் விற்பனை ஏஜெண்டுகள் பயந்து பதவி விலகினார்கள், மறு வருஷமே சட்டம் வாபஸ். ஆனால் கூடவே இன்னொரு சட்டமும் வந்தது. எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்றது அது. வரியை எடுத்துவிட்டு வீம்பை வைத்துக்கொண்டார்கள்.

[காட்சி: குன்னூர் தேயிலை ஏல மையம். மாதிரித் தூள் கிண்ணங்கள் வரிசையாக.]

தேயிலைக் கதை நீலகிரிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பாஸ்டனில் கொட்டிய தூள் சீனச் சரக்கு; அப்போது இந்தியாவில் தேயிலைத் தோட்டமே கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை லண்டனுக்குக் கொண்டுவந்து ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் அமெரிக்க மொத்த வியாபாரிக்கு விற்பார், அவர் கடைக்காரருக்கு. கை மாறும் இடமெல்லாம் லாபம் ஏறும். அதனால் டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த தூள் மலிவாக ஓடியது. கம்பெனிச் சரக்கு ஏறத்தாழ 1.7 கோடி பவுண்டு எடை, அதாவது 7,000 டன்னுக்கு மேல், கிடங்கில் முடங்கியது. வங்காளத்தைப் பஞ்சம் உலுக்கியிருந்தது, 1772ல் லண்டனில் கடன் நெருக்கடி. கம்பெனி மூழ்கும் நிலை.

அதைக் காப்பாற்ற வந்ததுதான் 1773ன் தேயிலைச் சட்டம். இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும். ஏலம் இல்லாமலே, தான் நியமித்த ஏஜெண்டுகள் மூலம் கம்பெனி நேரடியாக அமெரிக்காவில் விற்கலாம். விலை உண்மையிலேயே இறங்கியது. ஆனால் அங்கே இறக்கும்போது பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி அப்படியே நின்றது.

நாளைக்கே இந்த ஏல மையத்தை ஓரங்கட்டி, ஒரே கம்பெனி தனக்கு வேண்டிய நாலு பேர் வழியாக மட்டும் தூள் விற்கும் என்று அறிவித்தால் புரோக்கரும் வியாபாரியும் சும்மா இருப்பார்களா? பாஸ்டனில் அந்த ஏஜெண்டுகளில் இருவர் கவர்னர் ஹட்சின்சனின் மகன்கள். அந்த 3 பென்ஸ் வரிப் பணம் போனதோ கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளமாக. உள்ளூர் மன்றத்தின் கையிலிருந்த கயிறு அறுந்தது இங்கேதான். மலிவான டீயை வாங்கிக் குடித்தால், அந்த அறுப்புக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஏன் டிசம்பர் 16? கப்பல் வந்து 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். முதல் கப்பலுக்கு அந்தக் கெடு மறுநாள் முடிகிறது. சரக்கோடு திரும்பிப் போகவும் கவர்னர் விடவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஓர் இரவு.

பிரிட்டனின் பெரிய தவறு இதற்கு அப்புறம்தான். 1774ல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது, பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் ஆட்சி முறையை மாற்றியது. ஓர் ஊருக்குக் கொடுத்த தண்டனையில் மற்ற காலனிகள் தங்கள் நாளையைப் பார்த்தன. அந்த செப்டம்பரில் 13ல் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள்.

[காட்சி: கரீபியன் தீவுகள், கரும்புத் தோட்டங்கள்.]

கோபம் மட்டும் போதுமா? ஜமைக்காவிலும் பார்படோஸிலும் இருந்த கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கும் சட்டமன்றம் இருந்தது, கோபமும் இருந்தது. அமெரிக்கர்களுக்குப் பரிந்து ஜமைக்கா மன்றம் மன்னருக்கு மனுவே அனுப்பியது. ஆனால் அவர்களைச் சுற்றி இருந்த அடிமைகள் அவர்களைவிடப் பல மடங்கு. பிரிட்டிஷ் படை விலகினால் ஒரு ராத்திரி தாங்காது. சர்க்கரைக்குச் சந்தையும் இங்கிலாந்துதான். வாயை மூடிக்கொண்டார்கள். 13 காலனிகளின் நிலைமை வேறு: 1763க்குப் பிறகு கனடாவில் பிரெஞ்சுப் படை இல்லை, சுமார் 25 லட்சம் மக்கள், உள்ளூர்ப் படைகள் வேறு. காவல்காரன் தேவைப்படாத வீட்டில் காவல்காரன் சம்பளம் கேட்டால்தான் சண்டை வரும்.

[காட்சி: ஒட்டன்சத்திரம் பக்கம், பழனி மலையடிவாரம்.]

அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1781ல் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் 1786ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்புவோடு போரிட்டு 1792 ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு வாங்கினார். அமெரிக்காவை விட்டவர் கைக்குப் பழனி மலையடிவாரம் வந்தது! இங்கே எதிர்த்தவர்கள் முதல் வகை, மண்ணுக்கு உரியவர்கள். விருப்பாச்சி கோபால நாயக்கர் பாளையக்காரர்களைத் திரட்டினார். 1800ல் கோயம்புத்தூர்ப் படைமுகாமைத் தாக்கும் திட்டம் தோற்றது, 1801ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். யார்க்டவுனில் அமெரிக்கர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுக் கடற்படை வந்து கடல்வழியை அடைத்தது. விருப்பாச்சிக்கு அப்படி ஒரு துணை இல்லை, திப்புவும் 1799லேயே மாண்டுவிட்டார்.

[காட்சி: கோத்தகிரி, கன்னேரிமுக்கு. சல்லிவன் பங்களா.]

திப்பு மாண்டதும் நீலகிரியும் கம்பெனியிடம் வந்தது. 1819ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார், பின்னாலேயே தோட்டக்காரர்கள். இவர்கள் ஜமைக்கா ஜாதி. ஆளெண்ணிக்கை சொற்பம். நிலத்துக்குப் பட்டா அரசு தர வேண்டும். சேலம், கோவை, மைசூர்ப் பக்கமிருந்து மேஸ்திரி கூட்டிவந்த தொழிலாளியைத் தோட்டத்தில் கட்டிப்போடவும் அரசுதான் வேண்டும். 1859ன் 13ஆவது சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டால், வேலையை முடி அல்லது பணத்தைத் திருப்பு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். இப்படி ஒரு சட்டத்தைத் தரும் அரசோடு எந்தத் துரை சண்டை போடுவார்? போதாததற்கு 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு வந்துவிடும். குறை சொல்லக் குதிரையில் ஒரு மணி நேரம் போனால் போதும், கப்பல் ஏற வேண்டாம். 1893ல் தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் உபாசி சங்கம் அமைத்தார்கள். அதன் தலைமையகம் குன்னூர். பிறகு சென்னைச் சட்டமன்றத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே ஓர் இடமும் கிடைத்தது.

குடியேறிகள் இன்னொரு காரணத்துக்கும் கலகம் செய்வதுண்டு: ஏகாதிபத்தியம் மண்ணின் மக்களிடம் ஆட்சியைக் கொடுத்துவிடுமோ என்ற பயம். 1965 நவம்பர் 11ல் தெற்கு ரொடீஷியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், வெள்ளையர் அரசின் பிரதமர் இயன் ஸ்மித் அப்படித்தான் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தார். அங்கே வெள்ளையர் சுமார் 2 லட்சம் பேர். 1947ல் நீலகிரித் துரைமாருக்கும் அந்தப் பயம் வந்திருக்கலாம், ஆனால் அதற்கு ஆள் பலம் ஏது? சிலர் தோட்டத்தை விற்றுக் கப்பல் ஏறினார்கள், சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.