சப்பாத்திக்கள்ளிப் பழமும் சுணையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கரிசல் பக்கம் பிறந்தவர்களுக்குச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகதாளிப் பழம் என்றும் சொல்வீர்கள். வேலியோரம், கண்மாய்க்கரை, சுடுகாட்டுப் பாதை என்று ஆளரவம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் செக்கச்செவேலென்று காய்த்து நிற்கும்.

முதலில் ஒன்று. கள்ளி என்ற பேரை இரண்டு வேறு குடும்பத்துக்குச் சூட்டி வைத்திருக்கிறோம். திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளியெல்லாம் கீறினால் பால் வடியும். அந்தப் பால் விஷம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியில் பால் வராது, வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று தண்ணீர்தான் வரும். பால் வந்தால் கிட்டே போகாதீர்கள்.

அடுத்தது முள். நீட்டிக்கொண்டிருக்கிற பெரிய முள்ளால் பெரிய தொந்தரவில்லை. குத்தும், கையை இழுத்துக்கொள்வோம். பழத்தோலில் புள்ளி புள்ளியாக மஞ்சள் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கிறதே, அந்தச் சுணைதான் எமன். மயிரைவிட மெல்லிசு, நுனியில் கொக்கி வேறு.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கவட்டைக் குச்சியால் ஏழெட்டுப் பழம் தட்டி, டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய முள்ளையெல்லாம் ஒடித்தாயிற்றே என்ற தைரியம்! வீடு வந்து சேருவதற்குள் தொடை பற்றி எரிகிறது. தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே இறங்குகிறது. ஆச்சி திட்டவில்லை, சிரித்தாள். வேலம்பிசினைத் தண்ணீரில் குழைத்து, பழைய வேட்டித் துணியில் தடவித் தொடையில் ஒட்டி, காயும்வரை திண்ணையில் நிற்க வைத்துவிட்டாள். உட்காரக் கூடாது. தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். காய்ந்ததும் சரக்கென்று உரித்தாள். துணி முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சுணை. இன்றைக்கு அந்த வேலையைச் செல்லோடேப் செய்யும். தேய்க்காதீர்கள், பல்லால் கடித்து இழுக்காதீர்கள். நாக்குக்குப் போய்விடும்.

கூத்து அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போக, ரத்தம் என்று ஊரைக் கூட்டினேன். பீட்ரூட் தின்றால் போகுமே, அது மாதிரி தின்ற பழத்தின் வெறும் சாயம்தான்.

சரி, பறிக்கிற முறை. காற்றடிக்கும்போது போகாதீர்கள், சுணை பறந்து கண்ணில் விழும். பனி ஈரம் காய்வதற்குள் காலையிலேயே போங்கள். கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்துத் திருகுங்கள். மணலில் போட்டு வேப்பங்குழையால் நன்றாகப் புரட்டுங்கள். அல்லது தணலில் வாட்டுங்கள், சுணை பொசுங்கிப் போகும். கழுவி, முள்கரண்டியால் குத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனையையும் நறுக்கி, நெடுக ஒரு கீறல் போட்டால் தோல் கழன்று வரும். திரும்பவும் சொல்கிறேன், உரித்து முடிக்கும்வரை கை படக் கூடாது. நடுவில் இருக்கிற நட்சத்திர முள்ளையும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், தொண்டையில் மாட்டிக்கொள்ளும். விதை கல் மாதிரி இருக்கும். நிறைய விழுங்கினால் மலம் கட்டிக்கொள்ளும். பிழிந்து வடிகட்டிக் குடிப்பது உத்தமம்.

நேரம் முடியப் போகிறதென்று நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். மடலைச் சமைப்பது பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். மெக்சிகோவில் இளமடலை நோபால் என்று சொல்லி, முள்ளைச் சீவி வேகவைத்துக் கறியாகச் சாப்பிடுகிறார்கள். அது சாப்பாட்டுக்கென்றே வளர்க்கிற, முள் குறைந்த வேறு இனம். அதைப் பார்த்துவிட்டு நம் வேலிக்கள்ளி மடலை அரிவாள்மணையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, மடலில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் அது பூச்சி. நசுக்கினால் ரத்தமாகச் சிவக்கும். அந்த மாதிரிச் சாயப்பூச்சியை வளர்க்கத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். அது பெரிய கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.