இன்று ராத்திரிக்கு என்ன?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை என்று பேச்சு வந்தால், எல்லோரும் காய்கறி விலையைத்தான் முதலில் சொல்வோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. 2019 டிசம்பரில் பெரிய வெங்காயமும் நூறைத் தாண்டியது. வலித்தது உண்மை. ஆனாலும் வீட்டுப் பணம் பெரிதாகக் கரைவது காய்கறியில் இல்லை.

2022–23ல் ஒன்றிய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஆகும் நூறு ரூபாய் செலவில் சுமார் 39 ரூபாய் சாப்பாட்டுக்குப் போகிறது. அதில் காய்கறிக்கு 4 ரூபாய்கூட ஆகவில்லை. அரிசி, கோதுமைக்கும் அவ்வளவுதான். பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், வெளியில் வாங்கும் சமைத்த உணவு, இவை சேர்ந்த வகைக்கு மட்டும் 10 ரூபாய்க்கு மேல். கிராமத்தில் காய்கறிக்கு 5 ரூபாய்க்குச் சற்று மேல், இந்த வகைக்கு 9 ரூபாய்க்கு மேல். சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி, அந்தக் கீரைக்கார அம்மாவிடம் நின்று பேரம் பேசுகிறோம். வெளிச்சாப்பாட்டுக்குப் போவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தப் பணம் எப்போது போகிறது என்று உங்கள் வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு மணிக்குத்தான். வேலை முடிந்து களைத்து வந்திருப்போம். பிள்ளைகளுக்குப் பசி. "ராத்திரிக்கு என்னம்மா?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. சரி, நாலு பரோட்டா வாங்கி வா, ஒரு பாக்கெட் மாவு வாங்கி வா, போனில் ஏதாவது ஆர்டர் போடு. ஃபிரிட்ஜில் அரைக்கிலோ பீன்ஸ் இருக்கும். அது அங்கேயே கிடந்து நார் தட்டிப்போகும். ஒரே வேளைக்கு இரண்டு செலவு. ராத்திரிக்கு என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வாரத்துக்குச் சமையல் திட்டம் போடுங்கள் என்றதும் 21 வேளைக்கும் கட்டம் போட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் மனையியல் பாடம் நடத்தியவள். அப்படி எழுதிய அட்டவணைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். புதன்கிழமைக்கு மேல் அவை நிற்பதில்லை. காலை இட்லி, தோசை, உப்புமா. மதியம் குழம்பு, ரசம், ஒரு பொரியல் என்று நம் வீடுகளில் அந்த இரண்டு வேளையும் பழக்கத்திலேயே ஓடிவிடும். ஏழு ராத்திரிக்கு மட்டும் எழுதுங்கள். போதும்.

எழுத உட்காரும்போது பக்கத்தில் தினசரி காலண்டர் இருக்கட்டும். அமாவாசை, கிருத்திகை, முகூர்த்தம் எல்லாம் அதில் இருக்கிறது. முகூர்த்தம் நெருங்கினால் காய்கறி ஏறும். அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காய், பூசணி விலை ஏறும். அதையே நாலு நாள் தள்ளி வாங்கினால் இறங்கியிருக்கும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள் என்பதால் கோழி, முட்டை விலை குறைவதுண்டு. உங்கள் வீட்டில் விரதம் இல்லையென்றால் அது உங்களுக்கு லாபமான மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; அந்த நாட்களில் நல்ல மீன் கை எட்டாத விலைக்குப் போகும். மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்க அதுதான் காலம்.

அடுத்தது, வாங்கிய காயை எந்த வரிசையில் தீர்ப்பது என்பது. என்னைக் கேட்டால் பாதிச் சிக்கனம் இதில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள்; இன்று மாநிலம் முழுவதும் 180க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், விளைவித்தவரே விற்பார். காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் நல்ல காய் இருக்காது. அப்படி வாங்கி வந்ததில் கீரை அன்றைக்கே ஆக வேண்டும், தப்பினால் மறுநாள். வெண்டைக்காய், கத்தரிக்காய், புடலை இரண்டு மூன்று நாளுக்குள். பீன்ஸும் அவரையும் வார நடுவில். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் அதற்கப்புறம். உருளை, சேனை, கருணை, பரங்கி வாரக் கடைசி வரை அசையாமல் இருக்கும். எது வேண்டுமோ அதைச் சமைப்பதைவிட எது முதலில் கெடுமோ அதைச் சமைப்பது என்று வைத்துக்கொண்டால் குப்பைக்குப் போவது வெகுவாகக் குறையும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள், சீக்கிரம் முளைவிடும். கொத்தமல்லியை வேரை நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

அப்புறம் மாவு. ஏழு ராத்திரியில் மூன்றை மாவே பார்த்துக்கொள்ளும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். கடையில் கிலோ 40, 50 ரூபாய் என்று வாங்கும் மாவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேஷன் புழுங்கலரிசி நன்றாக இருக்கும் மாதத்தில் அதிலேயே அரைக்கலாம். அரிசி நமக்கு 2011 ஜூன் முதல் இலவசம்தான். முதல் நாள் இட்லி. அடுத்த நாள் தோசை. மூன்றாம் நாள் லேசாகப் புளித்ததும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டிப் பணியாரம், இல்லாவிட்டால் ஊத்தப்பம். பிள்ளைகளுக்கு ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்பத் தின்பதாகத் தோன்றாது. அந்த மூன்று ராத்திரியையும் தொடர்ந்து வைக்க வேண்டும் என்றும் இல்லை; நடுவில் ஒரு நாள் கோதுமை ரவைக் கிச்சடி போடலாம்.

மீதி நாலு ராத்திரியில் ஒன்று புளிக்காய்ச்சலுக்கு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டக் காய்ச்சி வைத்துவிட்டால், ஈரக் கரண்டி படாதவரை பல நாள் கெடாது. உடம்பு முடியாத நாளில் சோறு மட்டும் வடித்தால் போதும். வீட்டில் பருப்புப்பொடியும் இருந்தால் இன்னும் நல்லது. களைப்பான நாளுக்கென்று ஒரு சாப்பாட்டைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். எல்லா நாளும் தெம்பாக நின்று சமைப்போம் என்று எண்ணிப் போடும் திட்டம் நடக்காது. களைப்பு வரத்தான் செய்யும், அதற்கும் சேர்த்துத்தான் திட்டம்.

கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு இவற்றுக்கு ஒரே நிபந்தனை, ஊற வேண்டும். மாலையில் நினைத்துக்கொண்டால் நடக்காது. ஊறிய கடலை குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும், ஊறாததை எத்தனை விசில் விட்டாலும் கல்லாக நிற்கும், 14.2 கிலோ சிலிண்டரும் சீக்கிரம் தீரும். அதே குக்கரில் அடியில் சோறு, மேல் தட்டில் பருப்பு என்று அடுக்கி வைத்தால் ஒரே அடுப்பில் இரண்டும் முடியும்.

இன்னொன்றை வீட்டு ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். திட்டம் அம்மாவின் தலைக்குள் மட்டும் இருந்தால் அது திட்டமில்லை, அவர் மேல் ஏற்றிய இன்னொரு சுமை. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலோ சமையலறைச் சுவரிலோ ஒட்டுங்கள். யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர் வெங்காயம் உரித்து, அரிசி களைந்து வைக்கட்டும். வாரத்தில் ஒரு ராத்திரி பிள்ளைகள் கேட்பதை எழுதுங்கள். பரோட்டாதான் வேண்டும் என்றால் பரோட்டாவே எழுதுங்கள். தெரிந்து வாங்கும் பரோட்டா பட்ஜெட்டுக்குள் நிற்கும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று எதில் கை வைக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. பல வீடுகளில் முதலில் குறைவது பருப்பு, அடுத்தது முட்டை, பால். அதிலும் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் ரசமும் அடிச்சோறும் மட்டுமே மிஞ்சும். 2019–21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. இரண்டில் ஒருவருக்கு மேல்! இந்த நிலையில் கீரையையும் பயறையும் முட்டையையும் குறைத்து வரும் மிச்சம் நமக்கு வேண்டவே வேண்டாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் துவரம்பருப்பு நூற்றைம்பதைத் தாண்டிய காலத்திலும் அதே விலைதான். பருப்பு வந்த நாளில் தவறாமல் வாங்கிவிடுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பயறோ முட்டையோ இருக்கும்படி முதலில் எழுதிவிட்டு, மீதியை அப்புறம் நிரப்புங்கள். சமைத்ததும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்துவிட்டு உட்காருங்கள்.

திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் ஃபிரிட்ஜையும் காய்க்கூடையையும் ஒருமுறை பாருங்கள், என்ன இருக்கிறதோ அதை வைத்து அடுத்த மூன்று ராத்திரிக்கு எழுதுங்கள். நாளைக்குக் கொண்டைக்கடலை என்று எழுதினால், படுக்கப் போகுமுன் மறக்காமல் ஊறப் போட்டுவிடுங்கள். வணக்கம்.