பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கணும்: சட்டம் என்ன சொல்கிறது?

[திரையில்: காட்பாடி ஜங்ஷன் நடைமேடை]

வணக்கம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் காட்பாடியில் தனியாக இறங்கி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே போலீஸ் பார்த்துவிட்டார்கள். ஊரைக் கேட்டு, அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பினால் முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். அப்படி அனுப்பக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழு, அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்க அரசு அமைத்திருக்கும் குழு, முன்னால் கொண்டுபோக வேண்டும். ஏன் கிளம்பி வந்தாய், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, திரும்பிப் போகப் பிடிக்கிறதா என்று அவனிடமே கேட்க வேண்டும்.

[திரையில்: மேசையைச் சுற்றி நாற்காலிகள்]

இது யாரோ காட்டுகிற இரக்கம் இல்லை, அவனுடைய உரிமை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே இருக்கிறது: தன்னைப் பாதிக்கிற எல்லா முடிவுகளிலும் குழந்தை பேசலாம், வயதையும் பக்குவத்தையும் பார்த்து அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். குழு உட்காரும் அறை கோர்ட் மாதிரி இருக்கக் கூடாது, உயரமான மேடை கூடாது, கூண்டு கூடாது என்று 2016 விதிகள் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விதி இது, ஏனென்றால் பயந்துபோன பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்லாது.

இதற்கெல்லாம் அடிப்படை, ஐ.நா. 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது.

[திரையில்: ஆம்பூர், ராணிப்பேட்டை, நடுவில் ஒரு பள்ளிப் பை]

சரி, அப்பா ஆம்பூரில், அம்மா ராணிப்பேட்டையில், பிரிந்துவிட்டார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது? 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டமே, விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்கிறது. பிள்ளை சொன்னதே தீர்ப்பு ஆகிவிடாது. புது செல்போன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் ஆசை காட்டியிருக்கலாம், இன்னொருவர் மிரட்டியிருக்கலாம், அதனால்தான் பல நீதிபதிகள் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தங்கள் அறையில் பிள்ளையோடு தனியாகப் பேசுகிறார்கள்.

வீட்டு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் குடியாத்தத்தில் மாமா, சித்தப்பா எல்லோரும் கூடி எந்த குரூப் என்று முடிவு செய்கிறார்கள், படிக்கப்போகிற பெண் சமையலறையில் நிற்கிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவள் சொல்வதை நீங்கள் ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்று அவளிடமே காரணம் சொல்லுங்கள்.

[திரையில்: 1098]

அதே பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் கதை வேறு. 18 வயது ஆகாத பெண் "எனக்குச் சம்மதம்" என்று சொன்னாலும் சட்டம் அந்தக் கல்யாணத்தை அனுமதிக்காது. மீறி நடத்தி வைத்துவிட்டாலும், 20 வயது முடிவதற்குள் அவளே நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை ரத்து செய்யலாம். கல்யாணம் நடப்பதற்கு முன்னாலேயே தடுக்க, குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். அவளே கூப்பிடலாம், அவளுடைய தோழியும் கூப்பிடலாம்.